தேதியைத் தப்பாகப் பார்த்த டீச்சர்

பாட்டு டீச்சருக்கு எங்கள் ஸ்டாஃப் ரூமில் நாற்காலி கிடையாது. நாங்கள் ஆறு பேர், நாற்காலி ஐந்து. அவர் பகுதிநேர ஆசிரியர். வாரத்தில் மூன்று அரை நாள் மட்டும் வருகிறவர். அதனால் யாருக்கு நாற்காலி இல்லை என்பதை யாரும் பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. சுவரோரமாக அறிவியல் சாமான்கள் வைத்த தகரப் பெட்டி ஒன்று கிடந்தது. அதன் மேல் உட்காருவார். நான் அந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம், விஷயம் தெரியாமல், "உக்காருங்க டீச்சர்" என்று என் நாற்காலியிலிருந்து எழுந்தேன். பதறிப் போனார்.

"ஐயோ வேணாம் சார். நாற்காலியில உக்காந்தா எனக்கு இடுப்பு புடிச்சுக்கும். என் ஒடம்பு தான் சரியில்ல."

அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். இடுப்பில் ஒரு கோளாறும் இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு பம்ப்பிலிருந்து வேகமாக நடந்து வருவதை நானே பார்த்திருக்கிறேன். நாற்காலி இல்லாத குறையையும் தன் உடம்பின் மேல் போட்டுக்கொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. புரிந்த காலத்தில் நான் அந்த நாற்காலியில் நன்றாக உட்கார்ந்து பழகியிருந்தேன்.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற சாலையில் இறங்கி, உள்ளே நடக்க வேண்டிய ஊர் அது. அரசு நடுநிலைப் பள்ளி. நான் கணக்கு. அவர் திருப்புலிவனத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். ஒல்லியான உடம்பு, நிறம் வெளுத்துப்போன குடை, கன்னத்தில் எப்போதும் ஒதுக்கி வைத்த ஒரு கிராம்பு. பக்கத்தில் வந்து பேசினால் அந்த வாசனை வரும். அப்பாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாடகர் குழுவில் பாடிப் பாடித்தான் இவருக்குக் குரல் வந்தது. பிறகு அரசுத் தேர்வு எழுதி, சங்கீதத்தில் பெரிய பரீட்சை வரைக்கும் பாஸ் செய்திருந்தார். இதையெல்லாம் அவர் வரிசையாகச் சொன்னதில்லை. ஏதாவது ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்கும்போது இடையில் வந்து விழும். "நாங்க கூலிக்காரங்க வூடு சார், எனக்கு இந்த ஆபீஸ் பேச்செல்லாம் வராது, தப்பா எடுத்துக்காதீங்க" என்பது போல.

அவர் வகுப்பு எடுப்பதை நான் ஒழுங்காகப் பார்த்தது ஒரே ஒரு தடவை. புங்க மரத்தடியில் ஏழாம் வகுப்பு. நாற்பது பிள்ளைகள். கீறல் விழுந்த அவருடைய செல்போனில் சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் நம் பள்ளிப் பிள்ளைகள் பாடுகிற மாதிரிதான் ஆரம்பித்தார்கள், தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டு.

"கத்தாதீங்கடா. இன்னாத்துக்கு இந்தக் கத்து? பக்கத்துல கீறவன் இன்னா பாடறான்னு கேட்டுக்கினே பாடு. அவன் கொரல் ஒனக்குக் கேக்கணும். கேக்கலன்னா நீ கத்தறன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு வரிசைக்குள் நடந்தார். தலையைச் சாய்த்து ஒவ்வொரு வாயாகக் கேட்டுக்கொண்டே வந்தார். மூன்றாவது வரிசையில் ஒரு பையன் தனியாக எங்கோ போய்க்கொண்டிருந்தான். அவன் பெயரைச் சொல்லவில்லை, நிறுத்தவும் இல்லை. அவனருகில் போய் நின்று மெல்லிய குரலில் தானும் பாடினார். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் வழுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. அவன் தப்பாகப் பாடினான் என்பது அவனுக்கே தெரியாமல் அவனைச் சரிசெய்துவிட்டு, அடுத்த வரிசைக்குப் போனார். நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். நல்ல ஆசிரியர் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுத்தல்கூட வரவில்லை என்று தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நேரம் போதவில்லை என்றேன். "பாட்டு பீரியட் தான சார். கேட்டு எடுத்துக்கோங்க" என்றார். போய்க் கேட்டேன்.

"எடுத்துக்கோங்க சார்" என்றார் உடனே. "நானும் இன்னிக்கு பஸ்ஸ வுட்டுட்டு லேட்டா வந்தேன். என்னால ஒழுங்கா எடுத்திருக்க முடியாது."

அவர் லேட்டாக வரவில்லை. எனக்கு முன்னாலேயே வந்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, காலைக் கூட்டத்துக்குப் பாட வைத்திருந்தார். அந்தப் பொய் எனக்கு வசதியாக இருந்தது. எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் கேட்டு எடுத்தேன். அதற்கடுத்த மாதம் கேட்காமலே எடுத்தேன். பிறகு ஆங்கில டீச்சரும் அறிவியல் சாரும் எடுத்தார்கள். பீரியட் போன பிறகு அவர் சும்மா இருந்ததில்லை. எங்கள் எல்லோருடைய வகுப்பு வருகைப்பதிவையும் செல்போனில் ஏற்றினார். இலவசச் சீருடைக்கு அளவு எடுத்தார். காய்ச்சல் கண்ட பிள்ளையைக் கையைப் பிடித்து வீட்டில் கொண்டு விட்டார். ஆனால் பாடக்குறிப்பு நோட்டை மட்டும் வாராவாரம் எழுதி வைப்பார். எந்த வகுப்புக்கு எந்த ராகம், எந்தப் பயிற்சி என்று அழகான கையெழுத்தில் இருக்கும். தலைமையாசிரியர் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். நோட்டின்படி எங்கள் பள்ளியில் சங்கீதம் தடையில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

கொரோனாவில் பள்ளி மூடியிருந்தபோது எல்லாப் பெற்றோர்களையும் சேர்த்து ஒரு வாட்ஸாப் குரூப் வைத்திருந்தோம். ஒரு நாள் காலை அதில் ஐந்து குரல் பதிவுகள் வந்தன. டீச்சர் பாடி அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பயிற்சி, பின்னால் "இத கேட்டுட்டு நீங்க பாடி எனக்கு அனுப்புங்க கண்ணுங்களா" என்று. முதல் பதிவைக் கேட்டேன். எங்கோ சேவல் கூவுவதுகூட அதில் விழுந்திருந்தது. அந்தக் குரலில் இருந்த தெளிவு எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் பேசும்போது அப்படிப் பேசமாட்டார். இரண்டாவதைத் திறப்பதற்குள் தலைமையாசிரியர், 'குரூப்பில் பாடங்களை மட்டும் பதிவிடவும்' என்று போட்டார். ஒரு நிமிடத்தில் ஐந்தும் அழிந்தன. கீழே அவர் எழுதியிருந்தார்: 'தெரியாமல் கை பட்டு அனுப்பிவிட்டேன். மன்னிக்கவும்.'

அவர் எங்களிடம் ஏதாவது கேட்டது என்றால் ஒன்றே ஒன்றுதான். பள்ளி திறந்த அடுத்த வருடம் வட்டார அளவில் பாட்டுப் போட்டி என்று சுற்றறிக்கை வந்தது. உத்திரமேரூரில் நடக்கும், குழுவாகப் பாட வேண்டும். அவர் என்னிடம் வந்து நின்றார். "சார், வியாழக்கெழம மட்டும் எனக்கு வேணும்" என்றார். தன்னுடைய பீரியடைத்தான் என்னிடம் கேட்டார். கொடுத்தேன்.

எட்டு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார். முன்னால் நிற்கிறவள் கௌசல்யா, எட்டாம் வகுப்பு. என் கணக்கிலும் அவள்தான் முதல். பாட்டு ஏரியைப் பற்றி. வார்த்தைகள் பிள்ளைகளே சொன்னவை, மெட்டு டீச்சர் போட்டது. ஏரி நிறைந்தால் கரைமேல் நின்று அப்பா சிரிப்பார், அம்மாவுக்கு நடவு வேலை வரும், எனக்குப் பள்ளிக்கூடம் போக வழி இருக்காது என்று ஒரு இடம் வரும். அந்த இடத்தில் எட்டு பேரும் குரலை இறக்கிப் பாடுவார்கள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் நான் அந்த இடம் வரும்போது கையை நிறுத்தியிருக்கிறேன்.

போட்டி நாள் காலை. அது அவருடைய வேலை நாளே இல்லை. ஏழரைக்கே வந்திருந்தார். எட்டு பிள்ளைகளும் தலைக்கு எண்ணெய் வைத்து, மூஞ்சி கழுவி, கேட் பக்கம் வரிசையாக நின்றார்கள். ஷேர் ஆட்டோ வந்துவிட்டது. அந்த நேரத்தில் தலைமையாசிரியருக்குத் தகவல் வந்தது: மாணவர்களின் அடைவுத் திறனைச் சோதிக்க ஒரு குழு இந்த வாரம் எந்தப் பள்ளிக்கும் திடீரென்று வரலாம். என்னைக் கூப்பிட்டார்.

"வந்தா யாரு சார் பதில் சொல்லுவாங்க?"

நான் பெயர்களைச் சொன்னேன். சொன்ன பெயர்களில் ஐந்து பேர் கேட் பக்கம் நின்றிருந்தார்கள். "அவங்கள அனுப்ப முடியாது சார்" என்று சொன்னது நான்தான். தலைமையாசிரியர் யோசித்தார். அவர் அனுப்பியிருக்கவும் கூடும். "அப்ப நீங்களே டீச்சர்கிட்ட சொல்லிடுங்க" என்றார்.

சொன்னேன். டீச்சர் கேட் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"மத்தியானத்துக்குள்ள வந்துடுவோம் சார்" என்றார்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"சரி சார்" என்று சொல்லிவிட்டு நடந்தார். பிள்ளைகளிடம் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. பின்னாலேயே போனேன்.

"கண்ணுங்களா, ஒரு தப்பு நடந்துபோச்சு. போட்டி நேத்தே முடிஞ்சிடுச்சாம். நான் தான் தேதிய தப்பா பாத்துட்டேன்."

கௌசல்யா அவரையே பார்த்தாள். "இன்னா டீச்சர் நீங்க" என்றாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மற்றவர்கள் அழுதார்கள். ஆட்டோக்காரரைத் திருப்பி அனுப்பினார்கள். நான் வகுப்புக்குப் போனேன்.

கௌசல்யாவின் அம்மா அன்றைக்கு நடவுக்குப் போகாமல், மகள் பாடுவதைப் பார்க்க நேரே உத்திரமேரூருக்குப் போய்விட்டிருந்தார். அங்கே மற்ற பள்ளிப் பிள்ளைகள் மேடை ஏறுவதைத் தூரத்தில் பார்த்திருக்கிறார். இது வேறு ஏதோ போட்டி போல என்று நினைத்து, தன் பெண்ணைத் தேடிக் களைத்து, பதினோரு மணிக்குப் பள்ளிக்கு வந்தார். மகளிடம் விஷயத்தைக் கேட்டதும் கேட்டில் நின்றபடியே டீச்சரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் டீச்சரே, தேதி பாக்கக் கூடவா ஒனக்குத் தெரியாது? படிச்சிக்கீற இல்ல? கூலிய வுட்டுட்டு வெயில்ல நாயா அலஞ்சிட்டு வரேன். எம் பொண்ணு ஒரு வாரமா சோறு துன்னாம பாடிக்கினு கீது. இன்னா நெனச்சிக்கினு கீற நீ?"

"என் தப்பு தான் அக்கா" என்றார் டீச்சர்.

"தப்பாம் தப்பு! உன்ன மாதிரி ஆளுக்கெல்லாம் யாரு வேல குடுத்தது?"

எட்டாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியேதான் இது நடந்தது. முப்பது பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். சோதிக்கும் குழு அன்றைக்கு வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை. எங்கள் பள்ளிக்கு அது கடைசிவரை வரவே இல்லை.

வந்தது வேறொருவர். மறு வருடம், காஞ்சிபுரத்திலிருந்து ஒரு அதிகாரி பார்வையிட வந்தார். கண்டிப்பான பெண்மணி, வேலையை ஒழுங்காகப் பார்க்கிறவர் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நோட்டாகப் புரட்டினார். பாட்டு டீச்சரின் பாடக்குறிப்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இவ்வளவு நடத்தியிருக்கீங்களா!" என்று எட்டாம் வகுப்புக்குள் வந்தார். நோட்டில் இருந்த ஒரு ராகத்தைச் சொல்லி, "இதோட ஸ்வரத்த யாராவது பாடுங்க" என்றார். கௌசல்யாவும் அந்த எட்டுப் பேரில் பலரும் பள்ளியை விட்டுப் போயிருந்தார்கள். ஒருவரும் எழவில்லை. வேறொன்றைக் கேட்டார். ஒரு பையன் எழுந்து நின்று தலையைச் சொறிந்தான். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"டீச்சர், இத்தனை பாடம் எழுதியிருக்கு. ஒண்ணு கூட வரலையே?"

பிள்ளைகளைத் தவிர வகுப்பில் அப்போது இருந்தது அதிகாரி, தலைமையாசிரியர், டீச்சர், நான். தலைமையாசிரியர் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். என் கையில் சாக்பீஸ் இருந்தது. அது டீச்சருடைய பீரியட். நான் பாதிக் கணக்கில் இருந்தேன். கரும்பலகையில் சமன்பாடு அப்படியே இருந்தது. அதிகாரி அதைப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

"என் தப்பு தான் மேடம்."

"நடத்தாமலே எழுதினீங்களா?"

டீச்சர் ஒரு கணம் என்னைப் பார்த்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா மேடம்."

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதிலை எழுதி, எழுத்துப்பிழை பார்த்துத் தரச்சொல்லி என்னிடம்தான் கொண்டுவந்தார். 'பாடங்களை நடத்தாமல் குறிப்பு எழுதியது என்னுடைய தவறு' என்று இருந்தது. நான் அதில் ஒரு சந்திப்பிழையைத் திருத்தினேன். 'என்னுடைய தவறு' என்பதற்கு முன்னால் 'கவனக்குறைவினால் நேர்ந்த' என்று சேர்த்தேன். அவருக்கு உதவி செய்வதாக அப்போது நினைத்துக்கொண்டேன்.

மாவட்டத்தின் இன்னொரு மூலையில் ஒரு பள்ளிக்கு அவரை மாற்றினார்கள். மூன்று பஸ். அரை நாள் வேலைக்குப் போய் வரவே முழு நாள் ஆகும். பகுதிநேர ஆசிரியருக்குப் பிரிவுபசாரம் நடத்துகிற வழக்கம் இல்லை. கடைசி நாள் தகரப் பெட்டியைத் துடைத்து, குடையை எடுத்துக்கொண்டு, "வரேன் சார்" என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னார். சில மாதங்களில் அந்த வேலையையும் விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. என் பிள்ளைகளுக்கு வகுத்தல் இன்னும் வரவில்லை.

நான்கு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை பகலில், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவரைப் பார்த்தேன். மதிய ஷிஃப்டுக்குப் போகிற பெண்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் குடையை மடக்கினார். "டீச்சர்" என்றேன். திரும்பவில்லை. பக்கத்தில் போய் மறுபடி கூப்பிட்டேன்.

"சாரா? இந்தப் பக்கம் வாங்க சார். அந்தக் காதுல ஒண்ணும் வுழாது."

ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற மிஷினில் நிற்கிறாராம். நாள் முழுக்க அந்தச் சத்தம். "காதுக்குள்ள எப்பவும் ஒரே சுருதி சார். கூ...ன்னு. நிறுத்தவே முடியல. கோயில்ல பாட நின்னேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நான் வேற எங்கியோ பாடிக்கினு இருந்திருக்கேன், எனக்கே தெரியல. அப்பறம் நிக்கறதில்ல."

இத்தனை வருடம் மனதுக்குள் வைத்திருந்ததை அன்றைக்குச் சொல்லிவிடத் தீர்மானித்தேன். மெல்லச் சொன்னேன்.

"இன்னா சார்?"

மறுபடி சொன்னேன். கேட்கவில்லை. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கத்த வேண்டியிருந்தது. "அந்த ஆபீசர் வந்தப்ப நான் சொல்லியிருக்கணும் டீச்சர்! பீரியட எடுத்தது நான்! தப்பு என்னுது!"

அக்கம்பக்கத்துப் பெண்கள் திரும்பினார்கள். அவர் என்னையே பார்த்தார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன்.

"ஆமா சார்" என்றார். "உங்களுது தான்."

குரலில் கோபம் இல்லை. "எனக்கு அப்பவே தெரியும் சார். வருஷா வருஷம் வேலைய நீட்டிச்சி எனக்கு ஆர்டர் வரணும். ஹெச்.எம். நல்ல விதமா எழுதினா தான் வரும். உங்கள எதுத்துப் பேசிட்டு நான் எங்க போறது? என் தப்புன்னு சொல்லிட்டா எல்லாரும் சும்மா வுட்டுடுவாங்க. அதனால தான் சொல்லிக்கினு இருந்தேன். நீங்க என்னை நல்லவளுன்னு நெனச்சிக்கினு இருந்தீங்க."

பஸ் வந்தது. ஏறப் போனவர் நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு சார். அந்தப் புள்ளைங்க கிட்ட சொல்லிடுங்க. தேதிய நான் தப்பா பாக்கல."

சொல்கிறேன் என்றேன். கௌசல்யா பன்னிரண்டாவது முடித்துவிட்டு உத்திரமேரூரில் ஒரு ஜவுளிக் கடையில் இருக்கிறாள். அடுத்த வாரம் போனேன். விரித்த புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். கையை நிறுத்திக் கேட்டாள்.

"நீங்களா சார் அனுப்ப வேணான்னீங்க?"

"ஆமாம்மா."

புடவையின் ஓரத்தை நீவிவிட்டாள். "எங்கம்மாவும் இப்ப அந்தக் கம்பெனிக்குத் தான் போவுது சார், கூட்டற வேலைக்கு. ஒரே பஸ்ஸு. ஒன்றர வருஷமா அந்த டீச்சரப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கும். பக்கத்து சீட்டு காலியா இருந்தாக் கூட நின்னுக்கினே போவும். நான் சொன்னா நம்பாது சார். நீங்களே சொல்லிடுங்க."

போன சனிக்கிழமை சொல்வதற்காகவே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பெண்கள் நின்றிருந்தார்கள். கௌசல்யாவின் அம்மாதான் என்னை முதலில் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாக வந்து கும்பிட்டார். பக்கத்திலிருந்த பெண்ணின் தோளைத் தட்டி, "தோ, இந்த சாரு தான் எம் பொண்ணுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவரு. தங்கமானவரு. இவுரு மாதிரி நாலு பேரு இருந்தா இன்னா கொற?" என்றார். "நல்லா கீறீங்களா சார்?"

அவருக்கு இரண்டு ஆள் பின்னால் டீச்சர் குடை பிடித்து நின்றிருந்தார், கேட்காத காது எங்கள் பக்கம் இருக்க, சாலையைப் பார்த்தபடி.

"நல்லா இருக்கேம்மா" என்றேன்.

பஸ் வந்தது. கௌசல்யாவின் அம்மா முன் படியில் ஏறினார். டீச்சர் பின் படிக்குப் போனார்.